முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டுமா?

வேகவைத்த முட்டையைப் பிளந்து, வெள்ளையை மட்டும் உண்டுவிட்டு மஞ்சள் கருவைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவோர், வைட்டமின் ஏ, டி, பி12, கோலின், விழித்திரைக்குத் துணைநிற்கும் லூட்டின் ஆகியவற்றின் பெரும்பகுதியையும், முட்டையிலுள்ள சுமார் 6 கிராம் புரதத்தில் கணிசமான பங்கையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

அதே மஞ்சள் கருவில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதும் உண்மைதான். ஆயினும், உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே உற்பத்தி செய்வதாலும், இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துவதில் வெண்ணெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பின் பங்கே பெரும்பாலானோருக்கு மிகுதி என்பதாலும், முட்டையைவிட அதைப் பொரிக்க அள்ளி இடும் வெண்ணெயைக் குறைப்பதே முதல் வேலை என்பேன். உடல்நலமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை பொதுவாகத் தீங்கில்லை; நீரிழிவு, இதய நோய், பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் உடையவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யட்டும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

பச்சை முட்டையே அதிக வலிமை தரும் என்பது தவறான நம்பிக்கை. அதில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதுடன், வேகாத வெள்ளைக் கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் சத்தை உடல் ஏற்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரு கருக்களும் கெட்டிப்படும் வரை வேகவைத்தால் போதும். அதற்கு மேலும் கொதித்தால் மஞ்சளைச் சுற்றிப் பசுமை படர்ந்த சாம்பல் நிற வளையம் தோன்றும், அது இரும்பும் கந்தகமும் சேர்ந்ததால் வருவதே தவிர நஞ்சன்று. வேகவைத்த முட்டையை இரண்டு மணி நேரத்திற்குள் ஓட்டுடனேயே குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்திற்குள் உண்டுவிடுங்கள்.