வெப்ஜிஎல்-ல பின்னாடி இருக்குறது தெரியுற மாதிரி வரையுறது எப்படி: பிளெண்டிங் அடிப்படை

வெப்ஜிஎல்-ல, அதாவது பிரவுசருக்குள்ளயே கிராஃபிக்ஸ் கார்டை வச்சு படம் வரையுற வசதில, ஒரு சதுரம் வரையத் தெரிஞ்சுட்டா அடுத்து எல்லாரும் ஆசைப்படுறது கண்ணாடி, புகை, தண்ணி இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். கலர்ல சிவப்பு, பச்சை, நீலத்துக்கு அப்புறம் நாலாவதா, பின்னாடி இருக்குறத எவ்வளவு மறைக்கணும்னு சொல்ற ஆல்ஃபான்னு ஒரு நம்பர் இருக்குல்ல, அதை 0.5-ன்னு மாத்திட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைப்போம், ஆனா ஓட்டிப் பாத்தா பின்னாடி இருக்குற பொருள் தெரியவே தெரியாது.

ஏன்னா கிராஃபிக்ஸ் கார்டுக்கு கண்ணாடின்னு ஒரு பொருளே கிடையாது. ஷேடர்ல (பிக்சலோட கலரை கணக்குப் போடுற சின்ன புரோகிராம்) இருந்து புதுசா வர்ற கலர் ஒண்ணு, அதுக்குப் பேர் சோர்ஸ். அந்த பிக்சல்ல ஏற்கனவே எழுதி வச்சிருக்குற கலர் இன்னொண்ணு, அது டெஸ்டினேஷன். ரெண்டையும் ஆளுக்கொரு நம்பரால பெருக்கிக் கூட்டி திரும்ப அதே இடத்துல எழுதும், பிளெண்டிங்னா இவ்வளவுதான். "ஏற்கனவே எழுதி வச்சிருக்குற" அப்படிங்கறத நல்லா மனசுல வச்சுக்கோங்க, கீழ வர்ற பிரச்சனைல பாதி அதுல இருந்துதான் வருது.

ஸ்டெப் 1: ஆன் பண்றது

எனேபிள் ஃபங்ஷனுக்கு பிளெண்ட்-ன்னு குடுத்து கூப்பிடுங்க. இது மட்டும் பண்ணா ஒரு மாற்றமும் தெரியாது, ஏன்னா ஆரம்பத்துல சோர்ஸுக்கு பெருக்குற நம்பர் 1, டெஸ்டினேஷனுக்கு 0, அதாவது பழசை அழிச்சுட்டு புதுசை எழுதுன்னு அர்த்தம். அதனால பிளெண்ட்ஃபங்க்-ஐ கூப்பிட்டு முதல் இடத்துல சோர்ஸ் ஆல்ஃபா, ரெண்டாவது இடத்துல ஒன் மைனஸ் சோர்ஸ் ஆல்ஃபா குடுங்க. ஆல்ஃபா 0.3-ன்னா புதுசு 30 சதவீதம், பழசு 70 சதவீதம்.

ஸ்டெப் 2: ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க

இதை தாண்டிப் போயிடாதீங்க. வெள்ளை பின்னணி, அதாவது 1, 1, 1. அது மேல பாதி ஆல்ஃபா உள்ள சிவப்பு வரைஞ்சா 1, 0.5, 0.5 வரும், ரோஸ் கலர். அதுக்கு மேல பாதி ஆல்ஃபா பச்சை வரைஞ்சா 0.5, 0.75, 0.25. இப்போ ஆர்டரை மாத்தி பச்சையை முதல்ல, சிவப்பை அப்புறமா வரைங்க: 0.75, 0.5, 0.25. அதே ரெண்டு சதுரம், அதே ஆல்ஃபா, ஆனா ஒண்ணு பச்சை சாயல், இன்னொண்ணு பழுப்பு. கடைசியா வரைஞ்சது ஜெயிக்குது. அதனால கேமராவுக்கு தூரமா இருக்குறத முதல்ல வரையணும், கிட்ட இருக்குறத கடைசில வரையணும்.

ஸ்டெப் 3: டெப்த் பஃபரோட ஒத்துப் போக வைக்கிறது

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. டெப்த் பஃபர்னா ஒவ்வொரு பிக்சல்லயும் வரைஞ்சது கேமராவுல இருந்து எவ்வளவு தூரம்னு குறிச்சு வைக்கிற இடம், அதைப் பாத்து பின்னாடி இருக்குறத தள்ளி விடுறதுதான் டெப்த் டெஸ்ட். டெப்த் டெஸ்ட் ஆன்ல இருக்கும்போது கிட்ட இருக்குற கண்ணாடியை முதல்ல வரைஞ்சுட்டீங்கன்னா அது தன்னோட தூரத்தை டெப்த் பஃபர்ல எழுதிடும், அப்புறம் பின்னாடி ஒரு மரம் வரைஞ்சா "முன்னாடி ஏதோ இருக்கு, நீ வேணாம்"னு அந்த மரத்தோட பிக்சலை தூக்கிப் போட்டுடும், கண்ணாடி வழியா பாத்தா மரமே இருக்காது.

அதனால முதல்ல சுவர், தரை, மரம்னு ஒளி புகாத எல்லாத்தையும் எப்பவும் போல வரைஞ்சுடுங்க. அப்புறம் டெப்த் டெஸ்டை ஆன்லயே விட்டுட்டு டெப்த்மாஸ்க்-க்கு ஃபால்ஸ் குடுங்க, அதாவது டெப்த்தை படிக்கலாம், எழுதக் கூடாது. பிறகு ஒளி புகுற பொருளை எல்லாம் தூர வாரியா சார்ட் பண்ணி பின்னாடில இருந்து முன்னாடி வரைங்க. முடிஞ்சதும் டெப்த்மாஸ்க்கை மறக்காம ட்ரூ ஆக்கிடுங்க. இல்லேன்னா அடுத்த ஃபிரேம்ல சுவரும் டெப்த் எழுதாது, தூரத்துல இருக்குற பொருள் கிட்ட இருக்குறது மேல ஏறி நிக்கும். நீங்களே ஒரு ஃபிரேம்பஃபர் (ஸ்கிரீனுக்குப் பதிலா படம் வரைஞ்சு வைக்கிற இடம்) உருவாக்கி அதுல வரையுறீங்கன்னா இன்னும் மோசம், அதோட டெப்த் கிளியரே ஆகாது, கிளியரும் இந்த மாஸ்க்குக்கு கட்டுப்பட்டதுதான்.

ரெண்டு கண்ணாடி ஒண்ணுக்குள்ள ஒண்ணு குத்திக்கிட்டு இருந்தா எப்படி சார்ட் பண்ணாலும் சரியா வராது. ஆரம்பத்துல அந்த மாதிரி சீனை தவிர்த்துடுங்க.

ஸ்டெப் 4: பிரீமல்டிப்ளைடு ஆல்ஃபாவுக்கு மாறுறது

என்னைக் கேட்டா இதை அட்வான்ஸ்டு பாடம்னு தள்ளி வைக்கிறதே தப்பு, முதல் நாள்லயே பழகிடணும். ரெண்டு காரணம் சொல்றேன்.

முதல்ல இலை படம் ஒண்ணு எடுத்துக்கோங்க. ஓரத்துல முழுப் பச்சை டெக்சல் (அந்தப் படத்தோட ஒரு புள்ளி) ஒண்ணு, பக்கத்துல ஆல்ஃபா 0 உள்ள கருப்பு டெக்சல் ஒண்ணு. பக்கத்து டெக்சலை கலந்து எடுக்குற லீனியர் ஃபில்டர் ரெண்டுக்கும் நடுவுல எடுத்தா கலர் 0, 0.5, 0, ஆல்ஃபா 0.5. இதை வெள்ளை மேல பிளெண்ட் பண்ணா 0.5, 0.75, 0.5 வருது, ஆனா வர வேண்டியது 0.5, 1, 0.5. இலையைச் சுத்தி ஒரு அழுக்குக் கோடு தெரியுதே, அது இந்த 0.25 வித்தியாசம்தான். கண்ணுக்கே தெரியக் கூடாத கருப்பு உள்ள வந்து கலந்துடுச்சு.

ரெண்டாவது, ஆல்ஃபாவும் அதே ஃபார்முலால கணக்காகுது. கேன்வாஸ்ல (வெப் பேஜ்ல நம்ம படம் வர்ற பகுதி) ஆல்ஃபா 1 இருக்குற இடத்துல ஆல்ஃபா 0.5 உள்ளதை வரைஞ்சா 0.5 பெருக்கல் 0.5, கூட்டல் 0.5, மொத்தம் 0.75. கேன்வாஸே அந்த இடத்துல லேசா ஓட்டையாகி வெப் பேஜோட வெள்ளை உள்ள கசியும், படம் வெளுத்துப் போன மாதிரி தெரியும்.

ரெண்டுக்கும் ஒரே மருந்து: கலரை ஆல்ஃபாவால முன்கூட்டியே பெருக்கி வச்சுட்டு, பிளெண்ட்ஃபங்க்-ல முதல் இடத்துல வெறும் ஒன், ரெண்டாவது இடத்துல அதே ஒன் மைனஸ் சோர்ஸ் ஆல்ஃபா. இலை ஓரம் 0, 0.5, 0 கூட பாதி வெள்ளை சேர்ந்து 0.5, 1, 0.5 கரெக்டா வந்துடும், கேன்வாஸ் ஆல்ஃபாவும் 0.5 கூட்டல் 0.5 ஆகி 1-லயே நிக்கும். படத்தை லோடு பண்றதுக்கு முன்னாடி பிக்சல்ஸ்டோர்-ல அன்பேக் பிரீமல்டிப்ளை ஆல்ஃபாவை ட்ரூ பண்ணா பிரவுசரே பெருக்கிக் குடுத்துடும், ஷேடர்ல நீங்களே உருவாக்குற கலருக்கு மட்டும் நீங்க பெருக்கிக்கணும். இது புதுசு இல்ல, 1984-ல லூக்கஸ்ஃபிலிம்ல இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குறதப் பத்தி எழுதின பேப்பர்லயே கலரை பெருக்கித்தான் வச்சிருந்தாங்க.

வேற காம்பினேஷனும் இருக்கு. நெருப்பு, தீப்பொறிக்கு ரெண்டு இடத்துலயும் ஒன் குடுங்க, அது வெறும் கூட்டல்ங்கறதால சார்ட் பண்ற வேலையே இல்ல. கலர் கண்ணாடிக்கு முதல்ல டெஸ்டினேஷன் கலர், அப்புறம் ஜீரோ, ரெண்டும் பெருக்கிக்கும். கம்பி வேலி மாதிரி பிக்சல் இருக்கு இல்லேன்னா இல்லங்கற பொருளுக்கு பிளெண்டிங்கே வேணாம், ஷேடர்ல ஆல்ஃபா 0.5-க்கு கீழ போனா டிஸ்கார்ட், அதாவது அந்த பிக்சலை வரையாம விட்டுடுன்னு எழுதிட்டு சுவர், தரையோட சேர்த்தே வரைஞ்சுடலாம், டெப்த்தும் ஒழுங்கா எழுதும்.