‘சரிண்ணா’ சொல்வதற்கு முன்: வேலையில் தாட்சண்யத்தைக் குறைக்க ஒரு செய்முறை

மண்ணடி, பாரிமுனைப் பக்கத்துக் கிளியரிங் ஆபீஸ்களில் (சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக் கொடுக்கும் இடங்கள்) இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். கஸ்டம் ஹவுஸில் பேப்பர் கொடுக்க வேண்டுமா, மணலி சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் வைக்கும் கிடங்கு) பெட்டி திறக்கும்போது கூட நிற்க வேண்டுமா, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் வருடங்கள் போயும் கழுத்தில் தொங்குவது அதே ஹெச் கார்டுதான், கஸ்டம்ஸ் தரும் கீழ்ப்படி அடையாள அட்டை. அதற்கு மேலே உள்ள ஜி கார்டுக்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். படிக்க உட்காரும்போதுதான் யாராவது “தம்பி” என்பார்கள்.

அந்தத் தம்பி நீங்கள்தான் என்றால், இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

போனிலேயே போதும். யார் கேட்டது, என்ன வேலை, எவ்வளவு நேரம் போனது. பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதுங்கள்: இதைச் செய்தது நான்தான் என்று சம்பளம் கூட்டுகிறவருக்குத் தெரியுமா? பட்டியலைப் பார்த்து யார்மேலும் கோபப்பட வேண்டாம். அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான்.

படி 2: உடனே தலையாட்டாதீர்கள்

“கையில இருக்கறத பார்த்துட்டு சொல்றேண்ணா.” ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

படி 3: காரணம் ஒன்று, நேரம் ஒன்று

இதுதான் கஷ்டமான இடம். மாலை நாலரை மணி. கப்பல் நாளைக்கு வருகிறது, பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் போடும் பத்திரம்) இன்றைக்குள் போட்டாக வேண்டும். சீனியர் வந்து தன் இன்வாய்ஸை டைப் செய்து தரச் சொல்கிறார். முகத்தை முறிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கெடு தாண்டினால் முதல் 3 நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டி சத்தம் போடும்போது உங்கள் பெயர்தான் அடிபடும். அந்த இன்வாய்ஸ் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆகவே: “அண்ணா, நாளைக்கு வர்ற கப்பலுக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டுட்டு இருக்கேன். ஆறு மணிக்கு மேல பண்ணித் தரட்டுமா?”

இதோடு நிறுத்துங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கதை சேர்த்தால், அடுத்த வாரம் இன்னொரு கதை தேட வேண்டிவரும். மூன்று தடவை மன்னிப்புக் கேட்டாலோ, அவர் பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்.

படி 4: மேனேஜரிடம் வரிசையைக் கேளுங்கள்

அவரிடம் ‘முடியாது’ எடுபடாது. “சார், கையில ரெண்டு வேலை இருக்கு. எத முதல்ல முடிக்கட்டும்?” என்று கேளுங்கள். உங்கள் தலையில் என்னென்ன இருக்கிறது என்பது பல மேனேஜர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

படி 5: மிச்சமான நேரத்தில் படியுங்கள்

சிலர் ரெண்டு நாள் டீக்குக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். நிஜமாகவே மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு மட்டும் கேட்காமலே உதவுங்கள். அதையும் நிறுத்தச் சொல்லவில்லை. பரீட்சைத் தேதி தெரிந்த அன்றே லீவ் லெட்டரைக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரம் போய் நின்றால் “ஆள் இல்லப்பா” என்பார்கள், நீங்களும் “சரி சார்” என்று திரும்பி வந்துவிடுவீர்கள்.