லிப்ரே ஆபிஸில் கிடப்பில் போன பிழை அறிக்கையை நகர்த்துவது எப்படி?

"என்ன ஆச்சு?", "எனக்கும் இதே பிரச்சினைதான்" என்று லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில், கிடப்பில் போன ஓர் அறிக்கையின்கீழ் எழுதினால், அந்த அறிக்கையைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். வேறெதுவும் நடக்காது. புதுத் தகவல் ஒன்றாவது கையில் இருக்கும்போது எழுதுங்கள்.

முதலில் நிலையைப் பாருங்கள். 'அன்கன்ஃபர்ம்டு' என்றால், வேறு யாரும் அந்தப் பிழையைத் தங்கள் கணினியில் இன்னும் வரவழைத்துப் பார்க்கவில்லை. நம் அறிக்கையை நாமே 'நியூ' (உறுதியான பிழை) என்று மாற்றக்கூடாது. இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும். 'நீட்இன்ஃபோ' என்றால் யாரோ கேள்வி கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அசைவில்லாவிட்டால் நினைவூட்டல் வரும். அதற்கும் பதிலில்லை என்றால் அறிக்கை மூடப்படும். பதில் எழுதியதும் நிலையை மறுபடி 'அன்கன்ஃபர்ம்டு' ஆக்குங்கள். பலர் இதை மறந்துவிடுவதால், பதில் இருந்தும் அறிக்கை பழைய வரிசையிலேயே தூங்குகிறது.

அடுத்து மறுசோதனை. இப்போதைய வெளியீட்டிலும், முடிந்தால் மாஸ்டர் கிளையின் (அடுத்த பதிப்பு உருவாகும் முதன்மை நிரல்) தினசரிக் கட்டமைப்பிலும் (அதிலிருந்து அன்றன்று தொகுக்கப்படும் சோதனைப் பதிப்பு) சோதியுங்கள். உதவிப் பட்டியலில் உள்ள பாதுகாப்புப் பயன்முறையில் திறந்ததும் பிழை மறைந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் பயனர் சுயவிவரத்திலோ நீட்டிப்பிலோ இருக்கிறது. பிழை இன்னும் இருந்தால், 'லிப்ரே ஆபிஸ் பற்றி' சாளரத்தில் பதிப்பு விவரத்தை நகலெடுக்கும் பொத்தானை அழுத்தி, அதை அப்படியே கருத்தில் ஒட்டுங்கள். ஆனால் மேலே உள்ள பதிப்புப் புலத்தைத் தொடாதீர்கள். பிழை முதன்முதலில் தென்பட்ட பதிப்பை அது குறிக்கிறது. புதிய எண்ணைப் போட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும். பிழை இப்போது வரவில்லை, யார் சரிசெய்தார்கள் என்றும் தெரியவில்லை என்றால் 'வொர்க்ஸ்ஃபார்மீ' என்று மூடுங்கள். எந்த நிரல் மாற்றம் திருத்தியது என்று தெரிந்தால்தான் 'ஃபிக்ஸ்டு'.

மாதிரிக் கோப்புதான் பாதி வேலை. நாற்பது பக்க ஆவணத்தை யாரும் துழாவமாட்டார்கள். பாதியை நீக்கிச் சேமித்துப் பாருங்கள்; பிழை இருந்தால் மறுபடி பாதி. ஒரு பத்தி, ஒரு அட்டவணை என்று சுருங்கும்வரை வெட்டுங்கள். அறிக்கையோடு இணைக்கும் கோப்புகளை எவரும் பார்க்கலாம் என்பதால் பெயர், தொலைபேசி எண் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்து உடைகிறது என்றால் எழுத்துருவின் பெயரும் பதிப்பும், தவறான தோற்றத்தின் திரைப்பிடிப்பும், சரியான தோற்றத்தின் படமும் தேவை. பார்க்கிறவருக்குத் தமிழ் தெரியாது. எந்த எழுத்து தவறு என்று வட்டமிடுங்கள். 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். உங்கள் கோப்பில் எது என்றும் சொல்லுங்கள்.

முன்பு ஒழுங்காக வேலைசெய்து பிறகு கெட்டிருந்தால் அதிர்ஷ்டம்தான்: எந்த மாற்றம் கெடுத்தது என்று கண்டுபிடிக்கலாம். இதற்கென்றே தொகுத்துவைத்த கட்டமைப்புகள் அடங்கிய பைபிசெக்ட் களஞ்சியங்கள் உண்டு. நிரலைத் தொகுக்கத் தெரியவேண்டியதில்லை. நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவி தெரிந்தால் போதும், பல ஜிபி இடம் வேண்டும். நல்ல புள்ளி ஒன்று, கெட்ட புள்ளி ஒன்று கொடுத்து இடைப்பட்டதைப் பாதிபாதியாகச் சுருக்கித் தேடும் 'கிட் பைசெக்ட்' கட்டளையை ஓட்டினால், ஆயிரம் கட்டமைப்புகளையும் ஏறக்குறைய பத்துச் சோதனையில் கடந்துவிடலாம். இடையில் ஒன்று திறக்கவே மறுத்தால் 'கெட்டது' என்று சொல்லாமல் 'ஸ்கிப்' கொடுங்கள். இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத மாற்றத்தின்மேல் பழி விழும். முடிவை ஒட்டி, 'ரிக்ரெஷன்' (முன்பு வேலைசெய்து பிறகு கெட்டது), 'பைபிசெக்டட்' குறிச்சொற்களைச் சேர்த்து, அந்த மாற்றத்தை எழுதியவரை சிசி பட்டியலில் (அறிக்கையின் மின்னஞ்சல் பெறுவோர்) போடுங்கள். செய்ய முடியாவிட்டால் 'பைபிசெக்ட்ரிக்வெஸ்ட்' குறிச்சொல் போதும், தன்னார்வலர் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

இத்தனைக்குப் பிறகும் உறுதிசெய்ய ஆள் வரவில்லை என்றால், லிபெரா சாட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் உள்ள லிப்ரே ஆபிஸ் க்யூஏ (தரச்சோதனை) அறையில் பிழை எண்ணையும் ஒருவரி விளக்கத்தையும் போட்டு, யாராவது சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அறையை உடனே மூடிவிடாதீர்கள். பதில் வர மணிக்கணக்காகலாம்.