பாதை இல்லாத நிலத்தை விற்பது எப்படி?

போச்சம்பள்ளி, பாலக்கோடு பக்கம் உள்ளடங்கிய காடு (விவசாய நிலம்) ஒன்றை விற்கப் போனால், தரகர் கேட்கும் முதல் கேள்வி "வண்டி போகுமா?" என்பதுதான். போகாது என்றால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். பதில் சொல்லும் முன் காகிதங்களைப் பார்த்துவிடுங்கள்.

1. புலப்படம், அதாவது நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் சர்வே வரைபடம் எடுங்கள். அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் கிடைக்கும். உங்கள் எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது, தார்ச்சாலை வரை குறுக்கே வரும் எல்லா எண்களுக்கும் எடுங்கள். உழுது வரப்போடு வரப்பாகிவிட்ட வண்டிப்பாதை படத்தில் அப்படியே இருக்கலாம். இருந்தால் சர்வேயர் அளவுக்கு மனு கொடுங்கள்.

2. தாய்ப்பத்திரத்தை, அதாவது நிலம் உங்கள் கைக்கு வருவதற்கு முந்தைய பழைய பத்திரத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் விஷயம் இங்கேதான் இருக்கும். செக்குபந்திக்கு (நாலு பக்க எல்லை விவரம்) கீழே "மாமூல் தடத்தில் ஆள், மாடு, வண்டி சகிதம் போகவர பாத்தியம்" (வழக்கமான தடத்தில் போய்வர உரிமை) என்பது போல ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றாலும் சோர வேண்டாம். தாத்தா ஒரே நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, பின்பங்குக்கு வேறு வழியே இல்லாமல் போயிருந்தால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) சட்டத்தின் 13ஆவது பிரிவு முன்பங்கு வழியாகப் போகும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது பாகம் பிரிந்த நிலத்தின் மேல்தான், சம்பந்தமில்லாத பக்கத்துக் காட்டின் மேல் அல்ல. 20 வருடம் தடையில்லாமல், உரிமையோடு போய்வந்த தடம் என்றால், அதில் போகும் உரிமை கேட்க அதே சட்டத்தின் 15ஆவது பிரிவு இருக்கிறது. இரண்டுக்குமே தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான்.

3. ஒன்றும் இல்லையா? பாதையை விலைக்கு வாங்குங்கள். 12 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,600 சதுர அடி, அதாவது சுமார் 8¼ சென்ட். பக்கத்துக்காரர் சென்டுக்கு இரண்டு மடங்கு கேட்டாலும், ஒன்றிரண்டு ஏக்கருக்கு வழி கிடைக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பணம் வேண்டாம் என்றால் நிலத்துக்கு நிலம் பரிவர்த்தனைப் பத்திரம் போடலாம். எதுவானாலும் முதலில் அவர் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் இருக்கிறதா பாருங்கள். அந்த நிலத்தில் பங்குள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். பத்திரத்தில் அகலத்தை அடிக்கணக்கில் எழுதி, டிராக்டர், லாரி, போர்வெல் வண்டி என்று பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். மாங்காய் லாரி திரும்ப முடியாத பாதைக்கு யார் காசு கொடுப்பார்கள்? "நீங்க பாட்டுக்குப் போங்கண்ணா" என்ற வாய்ப்பேச்சு, அவர் நிலத்தை விற்கும் நாள் வரைதான்.

4. விற்கும்போது முதலில் நாலு பக்கத்துக்காரர்களையும் கேளுங்கள். அவர்களுக்குப் பாதை ஒரு பிரச்சினையே இல்லை என்பதால், வெளியாளைவிட நல்ல விலை தர வாய்ப்புண்டு. வெளியாள் வந்தால் பாதை இல்லை என்பதை முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், ஓடைப் புறம்போக்கில் (அரசுக்குச் சொந்தமான ஓடை நிலம்) வண்டி போகிறது என்பதற்காக அதைப் பாதை என்று கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள். இல்லாத பாதையை எழுதினால், வாங்கியவர் வழக்குப் போடும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.