மண் ஈரச் சென்சார்: டம்ளர் தண்ணீரில் தொடங்கும் தவறு

போன வாரம் இரண்டு கல்லூரி மாணவர்கள், தாங்கள் செய்த சொட்டுநீர்க் கருவியைக் காட்ட வந்திருந்தார்கள். மண்ணில் செருகிய சென்சார் ஈரம் குறைந்தது என்று சொன்னால் அது தானாக மோட்டாரை ஓட்டும். நல்ல வேலை, சுத்தமான ஒயரிங். சென்சார் தரும் எண் எவ்வளவு ஈரத்தைக் குறிக்கிறது என்று பொருத்திப் பார்க்கும் அளவுத் திருத்தத்தை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். சென்சாரைக் காற்றில் பிடித்தபோது வந்த எண் 0, டம்ளர் தண்ணீரில் முக்கியபோது வந்த எண் 100, அவ்வளவுதான் என்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படியே செய்து, ஒருவருடைய மஞ்சள் காட்டைக் கெடுத்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒயரை மாற்றிக் கொடுப்பது, பேட்டரி தீர்ந்துபோவது போன்றவை ஒருமுறை பட்டாலே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரண்டு கம்பிச் சென்சார்

வாங்காதீர்கள். ஈர மண்ணில் மின்சாரம் ஓட ஓடக் கம்பி அரித்துப்போகும். சில வாரங்களில் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

காற்றில் 0, டம்ளரில் 100

இப்போது இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கெப்பாசிட்டிவ் சென்சார் அரிக்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அது ஈரத்தை நேராக அளப்பதில்லை. தன்னைச் சுற்றியிருக்கும் பொருளின் மின்கடத்தாப் பொருள் மாறிலியைத்தான், அதாவது மின்னூட்டத்தைத் தேக்க அந்தப் பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்ணைத்தான், உணர்கிறது. அது காற்றுக்கு 1, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, தண்ணீருக்கு ஏறக்குறைய 80. இந்தப் பெரிய இடைவெளியை வைத்துத்தான் மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம்.

சரி, டம்ளரில் என்ன தப்பு? ஒரு லிட்டர் மண்ணில் ஏறக்குறைய பாதி இடம் மண் துகளுக்கே போய்விடும். மீதி இடம் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் கொள்ளளவில் 50 சதவீதம்தான். வடிந்த பிறகு மணல் பாங்கான மண்ணில் 10 முதல் 15, களிமண்ணில் 35 முதல் 40 நிற்கும். டம்ளரில் குறித்த அந்த 100-க்கு எந்த வயலும் எந்தக் காலத்திலும் வராது.

அன்று எனக்கு இது தெரியாது. மொட்டை மாடியில் தென்னை நார்க்கழிவு நிரப்பிய பையில் தக்காளி வளர்த்துத்தான் என் கருவியைச் சோதித்திருந்தேன். 60-க்குக் கீழே இறங்கினால் மோட்டார் ஓட வேண்டும் என்று வைத்தேன். செடி செழிப்பாக வந்தது. நார்க்கழிவு மண்ணைவிட அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும், அந்த 60 அதற்குப் பொருந்தியது. அதே 60-ஐ மாற்றாமல் பவானிப் பக்கம் ஒரு களிமண் காட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

அந்த மண் வடிந்து சரியான பதத்தில் இருக்கும்போதே காற்றுக்கும் டம்ளருக்கும் நடுவே போட்ட தன் கணக்கில் கருவி 50 சொச்சம்தான் காட்டும். அதனால் மோட்டார் ராத்திரி தவறாமல் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் காட்டுக்காரர் கூப்பிட்டார். போய் நின்றதும் பாத்தியில் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் அமுக்கிக் காட்டினார். பளபளவென்று உருண்டையாக நின்றது, விரல் இடுக்கில் நீர் கசிந்தது.

"தம்பி, மண்ணு இப்படி இருக்குதுங்க. உங்க மிசினு இன்னும் தண்ணி வேணும்னு சொல்லுதுங்களே?"

என் போனில் 52 என்று இருந்தது. "அண்ணா, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாங்க" என்றேன். கையில் இருந்த மண்ணை நம்பாமல் போனில் இருந்த எண்ணை நம்பினேன். இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அந்த ஒரு வாக்கியம்தான். பிறகு இலை நுனியிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்தது, தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தது. கிழங்கு அழுகல். காட்டில் கால் பங்கு போனது. நஷ்டத்தில் பாதியை நான் கொடுத்தேன். பத்து மாதப் பயிரில் அவர் போட்ட உழைப்புக்கு அது ஈடாகாது.

மண் உலரும் நேரம் போக, அளவுத் திருத்தத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். அதே காட்டில், வேர் நிற்கும் ஆழத்தில் மண் எடுங்கள். ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். ஆய்வகத்தில் 105 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைப்பார்கள். இரண்டு லிட்டர் அளவுக்குக் கெட்டித்து நிரப்பி, சென்சார் தரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். 100 மில்லி தண்ணீர் சேர்த்துக் கலந்து, அதே இரண்டு லிட்டர் கோட்டுக்குத் திரும்ப அமுக்கி, மறுபடி எழுதுங்கள். ஒவ்வொரு 100 மில்லிக்கும் 5 சதவீதம். 40 வரை போனால் அந்த மண்ணுக்கான அட்டவணை கிடைத்துவிடும்.

மோட்டார் ஓட வேண்டிய எண்ணை அட்டவணை சொல்லாது. 20 சதவீத ஈரத்தில் மணல்பாங்கான செம்மண்ணில் செடி தெம்பாக நிற்கும், கரிசலில் வாடிப்போகும். களிமண் தண்ணீரை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, இரண்டு நாள் வடியவிட்டு வரும் எண் மேல் எல்லை. அப்புறம் காட்டுக்காரரிடம், மண்ணைப் பிடித்துப் பார்த்து "இன்னிக்குத் தண்ணி விடலாம்" என்று தோன்றும் நாளில் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்து எண் கீழ் எல்லை. நான் இப்போது எந்தக் காட்டிலும் இதைச் செய்யாமல் மோட்டாரை இணைப்பதில்லை.

குழியில் காற்று

கடப்பாரையால் ஓட்டை போட்டு சென்சாரைச் செருகினால் ஓரத்தில் இடைவெளி விழும். காற்றுக்கு மாறிலி 1 என்பதால் ஈர மண்ணையும் வறட்சி என்று காட்டும். தோண்டிய மண்ணையே கூழாகக் கரைத்து ஊற்றி அமுக்குங்கள். கரிசல் காய்ந்து வெடிக்கும்போது வெடிப்பு சென்சார் ஓரமாகவே வரக்கூடும், போய்ப் பாருங்கள்.

உரம் விட்ட நாள்

உப்பு கூடினால் விலை குறைந்த சென்சார்கள் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அன்றைய எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பலகையின் ஓரம்

சென்சார் ஒரு சர்க்யூட் பலகைதான். அதன் வெட்டிய ஓரத்தில் பூச்சு இருக்காது, தண்ணீர் உள்ளே இறங்கும். எபாக்சி பூசுங்கள்.

எலி

ஒயரை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள்.

சென்சார் மாற்றும்போது

ஒரே பெட்டியில் வந்த இரண்டு சென்சார்கள்கூட ஒரே மண்ணில் வேறு வேறு எண் தரும். புதுச் சென்சாருக்கும் அதே மண்ணில் அளவு எடுக்க வேண்டும். அதற்காக, அளவு எடுத்த மண்ணில் இரண்டு லிட்டரை மூடி போட்ட டப்பாவில், காட்டின் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். என் அலமாரியில் இப்போது பதினொரு டப்பாக்கள் இருக்கின்றன.