தெற்காசிய விளையாட்டுப் போட்டி: பதக்கப் பட்டியலைப் பிசகில்லாமல் போடுவது எப்படி?

நேற்றைய எண்ணிக்கையோடு இன்றைய பதக்கங்களை நாட்டுக்கு நாடு கூட்டிக்கொண்டே போனால், மூன்றாம் நாள் கணக்கு உதைக்கும். எங்கே பிசகியது என்று பின்னோக்கித் தேடவும் வழி இருக்காது. அதனால் மொத்த எண்ணிக்கையைக் கையால் தொடவே கூடாது. பதக்கங்களை ஒவ்வொன்றாகப் பதியுங்கள், கூட்டுகிற வேலையை எக்செல் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு பதக்கத்துக்கு ஒரு வரி. பத்திகள் ஆறு போதும்: தேதி, விளையாட்டு, பிரிவு, நாடு, நிறம், நிலை (பதக்கம் செல்லுமா, நிலுவையா, ரத்தா). பிரிவை ‘100 மீ’ என்று மொட்டையாக விடாமல் ‘பெண்கள் 100 மீ ஓட்டம்’, ‘ஆண்கள் 57 கிலோ’ என்று முழுசாக எழுத வேண்டும். தொடர் ஓட்டத்தில் நான்கு பேர் ஓடினாலும், கபடி அணியில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் கணக்கில் ஒரே பதக்கம்தான்.

நாட்டின் பெயரைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். முதல் நாள் ‘மாலத்தீவு’, மறுநாள் ‘மாலைத்தீவு’ என்று விழுந்தால் எக்செலுக்கு அவை இரண்டு நாடுகள். வங்கதேசம், பங்களாதேஷ் கதையும் இதேதான். பெயர்களைக் கீழிறங்கு பட்டியலாக வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் இதனால் ஒழியும்.

பதிந்ததும் பிவட் டேபிள் (பதிவுகளை வகைவாரியாக எண்ணித் தரும் எக்செல் அட்டவணை) போட்டு, நாடுகளை வரியிலும் நிறங்களைப் பத்தியிலும் வையுங்கள். அடுத்தது தரவரிசை. வழக்கமான முறையில் முதலில் தங்கம், அது சமமானால் வெள்ளி, அதுவும் சமமானால் வெண்கலம். மொத்தப் பதக்கத்துக்கு இதில் வேலையே இல்லை. இதை ஒரே எண்ணாக்கிவிடலாம்: தங்கத்தை 10,00,000-ஆல் பெருக்கி, வெள்ளியை 1,000-ஆல் பெருக்கி, இரண்டோடும் வெண்கலத்தைக் கூட்டுங்கள். எந்த நாடும் ஒரு நிறத்தில் ஆயிரத்தைத் தொடப்போவதில்லை என்பதால் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறாது.

2019 நேபாளப் போட்டியை வைத்துச் சரிபார்க்கலாம். 51 தங்கம், 60 வெள்ளி, 95 வெண்கலம் வென்ற நேபாளத்துக்கு 5,10,60,095. இலங்கை 40, 83, 128, அதற்கு 4,00,83,128. மொத்தத்தில் இலங்கை 251, நேபாளம் 206. இருந்தும் நேபாளம்தான் இரண்டாமிடம். கடைசி இரண்டு இடங்கள் இன்னும் வேடிக்கை: ஒரே தங்கத்தோடு 5 பதக்கம் பெற்ற மாலத்தீவு (10,00,004), தங்கமே இல்லாமல் 20 பதக்கம் வாங்கிய பூடானுக்கு (7,013) மேலே நிற்கிறது. நியாயமா என்பது வேறு பேச்சு. பட்டியல் போடுகிறவர் அதைத் திருத்தக் கூடாது. எண் அச்சாகச் சமமாக வந்தால் இரு நாடுகளுக்கும் ஒரே இடம், அடுத்த இடம் காலி.

வெண்கலம்தான் ஆளைக் கவிழ்க்கும். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். ஜூடோ, டேக்வாண்டோவிலும் இரண்டு உண்டு. மல்யுத்தத்திலும் வழக்கமாக இரண்டு. ஆனால் ஒரு எடைப்பிரிவில் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் எல்லோரும் எல்லோருடனும் மோதுவார்கள், வெண்கலமும் ஒன்றாகிவிடும். ஏழெட்டு நாடுகளே ஆடும் இந்தப் போட்டியில் இது அபூர்வம் அல்ல. ஆகவே ஊகித்துப் பதியாதீர்கள். முடிவுத் தாளிலும் தர வரிசையைப் பார்க்காமல் பதக்கம் பெற்றவர் பட்டியலைப் பாருங்கள்.

‘பதக்கம் உறுதி’ என்ற செய்தி இன்னொரு பொறி. குத்துச்சண்டை வீராங்கனை அரையிறுதிக்கு வந்ததும் வெண்கலம் என்று பதிந்துவிட்டு, இறுதியில் தோற்றதும் வெள்ளியையும் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதக்கம் ஆகிவிடும். நிறம் முடிவாகும்வரை வரியே வேண்டாம்.

தினமும் படுக்கப் போகுமுன் விளையாட்டு, பிரிவு வாரியாக இன்னொரு பிவட் போடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் ஒன்று அல்லது இரண்டு இருக்க வேண்டும். தங்கம் இரண்டு, வெள்ளி பூஜ்யம் என்று வந்தால் பதறாதீர்கள். உயரத் தாண்டலிலோ நீச்சலிலோ முதலிடம் பகிரப்பட்டிருக்கலாம். தங்கமும் இரண்டு, வெள்ளியும் ஒன்று என்றால் பெரும்பாலும் பதிவில்தான் தவறு.

எதிரணி முறையீடு செய்திருந்தால் நிலைப் பத்தியில் ‘நிலுவை’ என்று போட்டு, அந்த வரி எண்ணிக்கையில் சேராதபடி வடிகட்டுங்கள். ஊக்கமருந்தால் பதக்கம் பறிபோனால் வரியை அழிக்காமல் ‘ரத்து’ என்று மாற்றி, அதையும் வடிகட்டுங்கள். அடுத்தவரைத் தங்கத்துக்கு நீங்களாக ஏற்றாதீர்கள், அறிவிப்பு வரட்டும். பரிசோதனை முடிவுகள் நிறைவு விழா முடிந்து வாரக்கணக்கில் கழித்தும் வரும் என்பதால், வெளியிடும் ஒவ்வொரு பட்டியலின் தலைப்பிலும் ‘இன்ன தேதி, இத்தனை மணி நிலவரப்படி’ என்று ஒரு வரி இருக்கட்டும்.