கரண்ட் போன நேரத்தை டைம்வாரியரில் சரிசெய்ய

வேலை நேரத்தைக் கட்டளைகள் அடித்துப் பதிந்துவைக்கும் கருவியான டைம்வாரியரில் நேரம் ஓடும்போது கரண்ட் போய் கணினி அணைந்துவிட்டால், திரும்ப வந்ததும் ஸ்டாப் கட்டளையோடு கரண்ட் போன நேரத்தையும் சேர்த்து அடியுங்கள்: ஸ்டாப் 15:15. கணக்கு அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து மணிக்கணக்கில் லைன் போகும் குன்னூர், கோத்தகிரி பக்கம் இது ரொம்பவே உதவும்.

இந்தக் கருவி பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. தொடங்கிய நேரத்தை அந்த மாதத்துக்கான சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரியாக எழுதி, முடிவு நேரத்தைக் காலியாக விட்டுவைக்கிறது. அதனால் கணினி அணைந்தாலும் பதிவு தொலைவதில்லை. நேரத்தைத் தப்பாக அடித்துவிட்டால் கடைசிக் கட்டளையை ரத்துசெய்யும் அன்டூ கொடுத்தால் போதும்.

நேரம் போடாமல் ஏற்கெனவே ஸ்டாப் கொடுத்திருந்தால் இது பலிக்காது, முடிவு நேரத்தை மாற்றும் மாடிஃபை எண்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அப்புறம், கரண்ட் மறுநாள்தான் வந்தது என்றால் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.